டாம் ஃப்ளோரஸே எவ்வளவு காத்திருந்தார்?
அமெரிக்காவில் சிறந்த விளையாட்டு வீரர்களைக் கௌரவிக்கும் தேசியப் புகழ் மண்டபங்கள் (ஹால் ஆஃப் ஃபேம்) இருக்கும்போது லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) வீரர்களுக்கு ஊர் அளவில் தனி மண்டபம் எதற்கு, திறமை இருந்தால் தானாகக் கூப்பிடுவார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தானாகவா? லத்தீனோவான டாம் ஃப்ளோரஸ் பயிற்சியாளராக ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இரண்டு சூப்பர் பௌல் (அந்த ஆட்டத்தின் ஆண்டு இறுதிப் போட்டி) பட்டம் வாங்கித் தந்தவர், இரண்டாவது 1984 ஜனவரியில். அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது 2021இல், 84 வயதில். அவருக்கே இந்தக் கதி என்றால் பள்ளிக்கூடப் பயிற்சியாளரை யார் தேடிப் போவார்கள்? டெக்சஸின் டெல் ரியோவில், தாங்கள் விளையாட முடியாத கோல்ஃப் கிளப்பில் மட்டைப் பை சுமந்த மெக்சிக அமெரிக்கப் பையன்கள், தாங்களே ஒரு மைதானத்தைச் செதுக்கிப் பழகி 1957இல் மாநிலப் பள்ளி கோல்ஃப் பட்டத்தை அள்ளினார்கள், இதையெல்லாம் முதலில் ஊர்க்காரன்தான் ஞாபகம் வைத்திருப்பான். அப்புறம், புவெர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பேஸ்பால் வீரர் க்ளெமெண்டேவை 1973இலேயே பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்களே என்று இன்னொருவர் கேட்கிறார். சரி, ஆட்டத்தை விட்ட பின் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தித்தான் சேர்த்தார்கள், ஆனால் அது அவர் விமான விபத்தில் இறந்த பிறகு.