மண்டபத்தைத் திருத்துங்கள், ஒத்திகைக்கும் திறந்துவிடுங்கள்

திருகோணமலையில் ஒரு பழைய மண்டபத்தைத் திருத்துவது பற்றிப் பேச்சு வந்தாலே கதிரை, ஏசி, லைட், பெயின்ட் என்றுதான் நாம் எல்லோரும் தொடங்குகிறோம். உள்ளே யார் ஆடப் போகிறார்கள், அவர்கள் எங்கே பழகப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

கொழும்பில் மருதானை டவர் மண்டபத்தைப் பாருங்கள். 1911இல் திறந்தது, நூர்த்தி என்ற சிங்களப் பாட்டு நாடகங்களுக்குச் சனம் நிரம்பி வழிந்த இடம். பிறகு சினிமா வந்தது, நாடகம் ஒதுங்கியது, மேடை இருந்த இடத்தில் படம் ஓடியது. 1978இல் அதைத் திருத்தி மறுபடியும் நாடகத்துக்குத் திறந்தபோது சுவரோடும் கூரையோடும் நிற்கவில்லை. அதே வருடம் சட்டம் கொண்டுவந்து, அரங்கை நடத்தவும் நாடகக் கலைஞர்களைக் கவனிக்கவும் ஒரு மன்றத்தையே அமைத்தார்கள். அது இன்றைக்கும் நாடக அரங்காக இருப்பதற்கு அந்த மன்றம்தான் பெரிய காரணம் என்பேன்.

அது சிங்களவர்களின் கதை, நமக்கென்ன என்று யாரும் சொல்லவேண்டாம். நூர்த்திக்கு ஊற்று பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள். நம்முடைய இசை நாடகத்துக்கு ஹார்மோனியத்தையும் திரைச்சீலையையும் கொண்டுவந்ததும் அதே அலைதான். இசை நாடக நடிகர் வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்று பாடியதை நேரில் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முகமே மாறிவிடும்.

கூத்து என்றால் விஷயம் இன்னும் ஆழமானது. கிழக்கில் கூத்துப் போடுவது ஒரு இரவு வேலை இல்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுப்பார், அதாவது அவரவர் பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கொடுப்பார், பிறகு மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணிதல், முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், அதெல்லாம் முடிந்துதான் அரங்கேற்றம். அந்த மாதங்களில்தான் ஊர் ஒன்றாக இருக்கிறது. யாரோ தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவருவார்கள், சின்னப் பிள்ளைகள் ஓரத்தில் நின்று தாளத்தைப் பிடித்துவிடுவார்கள், கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த இரண்டு குடும்பம் பிள்ளைகளின் வேடத்துக்காகவாவது ஒரே இடத்தில் வந்து உட்காரும். சம்பூர்ப் பக்கத்துச் சனம் 2006இல் போரால் இடம்பெயர்ந்து, வருடக்கணக்காக முகாமிலும் சொந்தக்காரர் வீட்டிலும் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வீடு கட்டக் காசு கொடுக்கலாம், இப்படிக் கூடியிருக்கும் பழக்கத்தை எந்தத் திட்டத்தில் கொடுப்பது?

நாங்கள் சில பேர் கூத்துப் பழகும் பெடியளுக்காக ஒரு மண்டபத்தில் ஒத்திகைக்கு இடம் கேட்டோம். கல்யாணத்துக்கு வாங்கும் வாடகையையே சொன்னார்கள். மாலையில் இரண்டு மணித்தியாலம், லைட்டும் ஃபேனும் போதும் என்றோம், அப்படி ஒரு வழக்கமே இல்லையாம். அந்தப் பெடியள் இப்போது ஒரு வீட்டு முற்றத்தில் பழகுகிறார்கள், மழை வந்தால் அன்றைக்கு இல்லை. வேலை விட்டு நேரே வருகிற பிள்ளைகள் அவர்கள், எனக்கு உண்மையில் வயிறு எரிகிறது.

இன்னொன்று, இருக்கைகளை நிலத்தோடு பூட்டாதீர்கள். கூத்து வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் ஆடுவது, சுற்றிவர சனம் இருக்கவேண்டும். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம், அதனால்தான் நகரத்தார் பலர் கூத்தையே பார்த்தார்கள். ஆனால் அந்த ஒரு வடிவம் மட்டும் போதாது. கதிரையை ஒதுக்கிவிட்டு நடுவில் ஆடக்கூடிய தளம் இருந்தால் கூத்தும் ஆடலாம், முஸ்லிம் ஊர்களில் கம்பு தட்டி ஆடும் களிகம்பும் ஆடலாம், சிங்களப் பிள்ளைகளின் நாடகமும் போடலாம். மூன்று சனமும் இருக்கும் ஊர் இது, ஒரே மண்டபத்தில் திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று பழகினால் ஒருவர் ஆட்டத்தை மற்றவர் தானாகவே எட்டிப் பார்ப்பார்.

ஆகவே மண்டபத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களிடம் கேட்பது இதுதான். கிழமையில் மூன்று மாலையாவது ஒத்திகைக்கென்று ஒதுக்குங்கள், வாடகை வேண்டாம், மின்சாரக் காசை வாங்குங்கள். மத்தளமும் உடுப்பும் பூட்டி வைக்க ஒரு அறை, பெண் பிள்ளைகளுக்கு ஒழுங்கான உடுப்பு மாற்றும் இடம். அப்புறம் நிகழ்ச்சி நேரத்தையும் யோசியுங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு மூதூர்ப் பக்கத்தார் பாதைக்கு, அதாவது ஆற்றைக் கடக்கும் படகுக்கு, காத்து நிற்காமல் டவுனுக்கு வரலாம், ஆனால் திரும்பிப் போக பஸ் வேண்டுமே. அவர்களின் கடைசி பஸ்ஸைக் கணக்குப் பார்த்துத்தான் நாடகம் தொடங்கும் நேரத்தைப் போடவேண்டும்.