வீர் சக்ரா என்ன, குறைச்சலா?

சேலம் ஐந்து ரோட்டில் மேஜர் சரவணன் படத்தோடு வைத்த பேனரில் தப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அந்த விஷயத்தில் “விடுங்க, நல்ல எண்ணத்துலதானே வெச்சாங்க” என்று இன்பாக்ஸில் வந்து சமாதானம் பேசுகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. கார்கில் வெற்றி நாளான ஜூலை 26-ஐ மறக்காமல், அந்தப் போரில் இறந்த மேஜர் சரவணனுக்கு மாலை போட்டதை யாரும் குறை சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்தது வீர் சக்ரா. பேனரில் இருந்தது போர்க்கால விருதுகளிலேயே உயர்ந்த பரம் வீர் சக்ரா. இதைச் சொன்னதற்குத்தான் ‘தேசத்துரோகி’ வரை போய்விட்டார்கள்.

கார்கில் போரில் பரம் வீர் சக்ரா நாலே பேருக்கு: விக்ரம் பத்ரா, மனோஜ் குமார் பாண்டே, யோகேந்திர சிங் யாதவ், சஞ்சய் குமார். பரம் வீர் சக்ரா பெற்ற தமிழ் மேஜர் என்றால் 1987 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் இறந்த ராமசாமி பரமேஸ்வரன், 8 மஹார் பட்டாலியன். பேனர் குழு ரெண்டு மேஜர்களையும் ஒன்றாக்கிவிட்டது போல.

“பெருசா போட்டா பெருமைதானே?” என்கிறார் ஒருவர். அப்படியானால் வீர் சக்ரா சிறுசா? 1999 மே 29 விடிகாலை, பட்டாலிக் பகுதி, 14,000 அடிக்கு மேலே. 1 பிஹார் படையை முன்னால் நின்று நடத்தி, பங்கருக்குள் ராக்கெட் லாஞ்சரால் அடித்து, உடம்பில் சில்லுகள் பாய்ந்த பிறகும் இறங்கி வராமல் சண்டை போட்டவர். உடலைக் கீழே கொண்டுவரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இதற்குக் கொடுத்த விருதின் பெயரைச் சொல்ல உங்களுக்கு ஏன் கூச்சம்? போனஸ் மார்க் போட்டுப் பாஸ் பண்ணிவிட வேண்டிய நிலையிலா அவர் இருக்கிறார்?

சரி, பெயர்தான் தப்பு, படமாவது? பரம் வீர் சக்ரா வெண்கலம், அதன் ரிப்பன் முழுக்க ஊதா. வீர் சக்ரா வெள்ளி; ரிப்பன் பாதி கருநீலம், பாதி காவி. கொலுசைக் கையில் வாங்கியதும் வெள்ளி எத்தனை டச் (தரம்) என்று சொல்கிற செவ்வாய்ப்பேட்டை இருக்கிற ஊரில், வெள்ளிப் பதக்கக்காரருக்கு ஊதா ரிப்பன் குத்தியிருந்தார்கள். இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. விருது அவர் இறந்த பிறகு வந்தது. அவர் அந்த ரிப்பனோடு எடுத்த போட்டோவே இருக்க முடியாது. நெஞ்சில் எந்தச் சக்ரா ரிப்பன் இருந்தாலும் அது ஒட்டு வேலை.

இன்னும் கிட்டே போய்ப் பாருங்கள். தோளில் சிங்கமுத்திரையும் ஒரு நட்சத்திரமும். அது லெப்டினன்ட் கர்னல். மேஜருக்குச் சிங்கமுத்திரை மட்டும்தான். ரிப்பன்கள் வலது நெஞ்சில், பெயர்ப்பட்டை அழிக்கப்பட்டிருக்கிறது. என்ன நடந்திருக்கும் என்றால், மேஜரின் முகம் பேனரில் இருக்கிற கட்சித் தலைவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். திருப்பினால் இடது வலதாகும், பெயர் கண்ணாடி எழுத்தாகும். அதனால் பெயரை அழித்தாயிற்று. யாருக்கு மரியாதை செய்கிறோமோ அவர் பெயரையே!

ஃபிளெக்ஸ் கடைத் தம்பியைத் திட்டாதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காலைக்குள் அடித்துக் கொடுக்கிறவருக்கு ரிப்பன் கலர் பார்க்கவா நேரம்? ப்ரூஃப் பார்த்து ஓகே சொன்னவரைக் கேளுங்கள். “நீ என்னத்தைக் கிழிச்சே?” என்ற அண்ணனுக்கு: நான் எதுவுமே செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ரிப்பன் ஊதா ஆகிவிடுமா?

அதே கமெண்டில் மேஜர் முகுந்துக்கு “வெறும் அமைதிக்கால விருதுதான்” என்று வேறு ஒரு நக்கல். முகுந்துக்குக் கிடைத்த அசோக் சக்ராவுக்கு இடம் பரம் வீர் சக்ராவுக்கு அடுத்தது, மஹா வீர் சக்ராவுக்கும் மேலே. உங்களுக்கு ஒருவரை ஏற்ற இன்னொருவரை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். அதை தேசபக்தி என்று சொல்லாதீர்கள், எரிச்சலாக இருக்கிறது.

பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருது இணையதளத்தில் பெயரைத் தட்டினால் ரெண்டு நிமிட வேலை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இங்கேயே இருக்கிறது. ஆகஸ்ட் 15-க்கு எப்படியும் அதே ஃபைலைத்தான் தூசி தட்டுவீர்கள். படத்தைத் திருப்பாதீர்கள். எழுத வேண்டியது இது:

மேஜர் எம். சரவணன், வீர் சக்ரா (மறைவுக்குப் பின்), 1 பிஹார் ரெஜிமென்ட், பட்டாலிக், 29.5.1999.

இடம் பத்தாது என்றால், கீழே கும்பிட்டபடி நிற்கிற பதினான்கு முகங்களில் நாலைந்தை எடுங்கள்.