அந்த முப்பது நிமிடம்

இந்தியக் கால்பந்து வீராங்கனை மனிஷா கல்யாண் சைப்ரஸில் ஆடிய காலத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைக்கு நன்றிங்க. ஆனால் அந்த முதல் ஆட்டத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம். 2022 ஆகஸ்டில் ரிகா அணிக்கு எதிரான தகுதிச்சுற்றில் சைப்ரஸ் கிளப்பான அப்போலோனுக்காக 60வது நிமிடம் மாற்று வீராங்கனையாக இறங்கினார், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் மகளிர் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் அவர், அப்போது வயது 20தான். அதற்கு முந்தைய நவம்பரில் பிரேசிலுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் அடித்தவரும் இவரே. 6-1 என்று தோற்றோம், சரி, இருந்தாலும் அந்தக் கோலை இன்னும் போட்டுப் பார்க்கிறேன்.

"போய் பெஞ்சில்தானே உட்கார்ந்தார்" என்று இங்கே கமெண்ட்டில் ஒருவர் சொல்லியிருப்பது வருத்தமாக இருக்கிறது. தெரியாத ஊர், தெரியாத பாஷை, அங்கே போய் இடம் பிடிப்பது லேசா?

2019ல் கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துப் போட்டியின் கோப்பையை வென்ற ஆட்டத்துக்கு அண்ணன் மகளைக் கூட்டிப் போனேன், அப்போது சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து பந்தும் கையுமாகத்தான் இருக்கிறாள், இப்போது பொள்ளாச்சியில் பள்ளி அணியில் ஆடுகிறாள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இது" என்கிற பேச்சு வீட்டில் ஓயவில்லை. உங்கள் கட்டுரையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். வெளிநாட்டு கிளப்பில் சேர முதலில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாள் அம்மிணி, அதையும் ஒருமுறை விவரமாக எழுதுங்கள்.