எட்டாம் காரணி மட்டும் போதாது
எல்மேன்1 (LMAN1) என்ற புரதம் உடலில் இல்லாவிட்டால் வருவது லேசான ஹீமோஃபிலியாதான் (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்), ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி என்ற புரதத்தை ஊசியாகப் போட்டால் சரியாகிவிடும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்மேன்1, செல்லுக்குள் புரதங்கள் உருவாகும் எண்டோபிளாஸ்மிக் வலையில், காரணிகளில் ஒட்டியுள்ள மானோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு, எம்சிஎஃப்டி2 (MCFD2) என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து, ரத்தம் உறையத் தேவையான ஐந்தாம், எட்டாம் காரணிகள் இரண்டையுமே, புரதங்களை வெளியே அனுப்பத் தயார்செய்யும் கோல்ஜி பக்கம் அனுப்புகிறது. எல்மேன்1, எம்சிஎஃப்டி2 இரண்டில் எதன் மரபணு பழுதானாலும் இரு காரணிகளும் பெரும்பாலும் வழக்கமான அளவில் 5 முதல் 30 சதவீதத்துக்குள் இறங்கிவிடும். எட்டாம் காரணியை ஊசியில் கொடுக்கலாம், சரி. ஐந்தாம் காரணிக்குப் பிளாஸ்மா அல்லவா ஏற்ற வேண்டும்? ரங்கூனில் என் அக்கா மகளுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிய இடத்தில் விடிய விடியப் பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. பெண் பிள்ளைக்கு ஹீமோஃபிலியா வராது என்று முதலில் பார்த்தவர் அனுப்பிவிட்டார். அப்புறம் வேறொரு மருத்துவர்தான் ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பிடி (PT), ஏபிடிடி (APTT) சோதனைகள் இரண்டிலுமே நேரம் நீண்டிருப்பதைக் கவனித்தார். எட்டாம் காரணி மட்டும் குறையும் ஹீமோஃபிலியா ஏ என்றால் ஏபிடிடி மட்டும்தான் நீளும். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் இது யூதர்களின் நோய், நமக்கென்ன என்று எழுதியிருக்கிறார். 1998ல் எல்மேன்1 மரபணுவை அடையாளம் கண்டது யூதக் குடும்பங்களை ஆராய்ந்துதான், ஆனால் ஈரானிலும் இந்தியாவிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் ஆண், பெண் யாருக்கும் வரும். என் அக்கா கட்டியிருப்பது அத்தை மகனை. பர்மாத் தமிழ்க் குடும்பங்களில் இது புதிதா என்ன? சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைக்கு ரத்தம் நிற்கத் தாமதமானால் இரு காரணிகளின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.