பட்டி கலெட்டின் நாலு வாத்தியங்கள்

ஜாஸ் கேட்கிற நண்பர்களோடு பேசினால் ஏதோ ஒரு கட்டத்தில் "அவர் நல்ல ஸ்டுடியோ ஆள்ப்பா" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மரியாதை போலத்தான் இருக்கும், உள்ளே ஒரு குத்து இருக்கும். நோட்டேஷனை முன்னால் வைத்தால் பிசகாமல் வாசிப்பார், எதைக் கையில் கொடுத்தாலும் ஊதுவார், ஆனால் சொந்தமாகச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். போன வாரம் பட்டி கலெட் என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞரைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னார். அங்கே எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது, அதனால் இந்த நீளப் பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலெட் 1921-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர், வாட்ஸ் பகுதியில் வளர்ந்த கறுப்பினத்தவர். ஆல்டோ, டெனார் என இரண்டு சாக்ஸபோன்கள், கிளாரினெட், புல்லாங்குழல், நாலும் கைவசம். பின்னாளில் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் பெரும்பெயர் எடுத்த சார்லஸ் மிங்கஸ் அவருடைய சின்ன வயதுத் தோழர், அப்போது செல்லோ வாசித்துக்கொண்டிருந்தார். கறுப்புப் பையனை எந்த சிம்பொனியில் செல்லோ வாசிக்க விடப்போகிறார்கள், பேசாமல் பேஸ் கற்றுக்கொள், எங்கள் பேண்டில் சேர்த்துக்கொள்கிறோம் என்று மிங்கஸைத் திருப்பிவிட்டதில் கலெட்டுக்குப் பங்கு உண்டு. ஜாஸில் பேஸ் வாசிப்பின் சரித்திரமே அந்த இடத்தில் கொஞ்சம் திரும்பிக்கொண்டது என்பேன்.

அந்த ஊரில் அன்றைக்கு இசைக்கலைஞர்களுக்கு இரண்டு சங்கங்கள். வெள்ளையருக்கு லோக்கல் 47, கறுப்பருக்கு லோக்கல் 767. சினிமா ஸ்டுடியோ, ரேடியோ என்று காசு புரளும் வேலையெல்லாம் 47-க்குப் போகும், 767-க்காரர்களுக்கு இரவு விடுதிகள். ஏன் என்று கேட்டால், அவர்கள் நன்றாக வாசிப்பார்கள், ஆனால் நோட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வராது, நாலு வாத்தியம் மாற்றி ஊத வராது என்று ஒரு சாக்கு. கலெட் அந்தச் சாக்கையே பிடுங்கிப் போட்டார். இரண்டாம் உலகப் போரில் கடற்படை பேண்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர், முறையாக உட்கார்ந்து புல்லாங்குழலும் கிளாரினெட்டும் படித்தார். அப்புறம் அவரும் நண்பர்களும் கறுப்பரும் வெள்ளையரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் ஒரு ஆர்கெஸ்ட்ராவை ஆரம்பித்தார்கள். கச்சேரிக்காக அல்ல, வாசிக்க வரும் என்று கண்ணெதிரே காட்டுவதற்காக. அங்கே அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் ஜெரி ஃபீல்டிங் என்ற பேண்ட் தலைவர், 1950 வாக்கில், நகைச்சுவை நடிகர் குரூச்சோ மார்க்ஸின் நிகழ்ச்சிக்கு அவரை எடுத்தார். தேசிய அளவில் ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியின் பேண்டில் நிரந்தர இடம் பிடித்த முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர் அவர். 1953-ல் இரண்டு சங்கங்களும் ஒன்றாயின. அதற்காக மார்ல் யங் என்ற பியானோக்காரர் உட்பட நிறையப் பேர் உழைத்தார்கள், கலெட் முன்வரிசையில் இருந்தார்.

ஆக, "எல்லாம் வாசிப்பார்" என்பது இந்த ஆளின் விஷயத்தில் குணக்குறை இல்லை, பூட்டிய கதவுக்கு அவர் செய்துகொண்ட சாவி.

நாலு வாத்தியம் என்று சுலபமாக எழுதிவிட்டேன். பள்ளிக்கூட பேண்டில் இரண்டு வருஷம் கிளாரினெட் ஊதி, பிறகு ஒரு ஆசையில் சாக்ஸபோனைத் தொட்டவன் என்பதால் அதன் அவஸ்தை எனக்குக் கொஞ்சம் தெரியும். சாக்ஸபோனில் பெருவிரலால் ஆக்டேவ் கீயை அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். கிளாரினெட்டில் அதே இடத்தில் இருக்கும் கீயை அழுத்தினால் ஸ்தாயியோடு நிற்காமல் இன்னும் ஐந்தாவது சுரம் வரை தாவிவிடும். ஸ ஊதிக்கொண்டிருந்தவன் மேல் ஸ என்று நினைத்து அழுத்தினால் மேல் ப வந்து நிற்கும், விரல் பழக்கம் மொத்தமும் பொய்யாகிவிடும். கிளாரினெட்டுக்கு உதடு இறுக வேண்டும், சாக்ஸபோனுக்கு அதே இறுக்கம் வைத்தால் சத்தம் மூக்கால் பேசும். புல்லாங்குழலிலோ மற்ற மூன்றிலும் வாயில் வைத்து ஊதும் ரீட் என்ற நாணல் பட்டையே கிடையாது, துளையின் விளிம்பில் காற்று போய் உடைய வேண்டும். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து ஈரம் பண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரிதான் ரீடும், சும்மா ஸ்டாண்டில் கிடந்தால் காய்ந்துவிடும். குளிர்ந்து கிடந்த ஃப்ளூட்டை எடுத்த உடனே ஊதினால் சுருதி இறங்கி நிற்கும். ஸ்டுடியோவில் இந்த மாற்றத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது நாலைந்து பார், அதாவது நாலைந்து தாளச் சுற்று, இடைவெளி, பக்கத்தில் மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற ஆட்கள். இதைச் செய்துவிட்டு சுருதியும் சுத்தமாக நிற்கிறது என்றால், சொந்தமாகச் சொல்ல ஒன்றுமில்லாதவர் என்று எப்படி வாய் வருகிறது?

சொன்னாரா இல்லையா என்று தெரிய 1955-ல் டிரம்ஸ் கலைஞர் சிக்கோ ஹாமில்டன் குழுவோடு அவர் செய்த பதிவுகளைக் கேளுங்கள். டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஃப்ரெட் காட்ஸின் செல்லோ, கூட கலெட். டிரம்பெட்டும் இல்லை, பியானோவும் இல்லை. அவர் புல்லாங்குழலிலிருந்து கிளாரினெட்டுக்கு மாறினால் குழுவின் நிறமே மாறிப்போகும். ஐந்து பேர் ஏழெட்டுப் பேராகக் கேட்டதற்கு அதுதான் ரகசியம். அடுத்த வருஷம் அவர் தன் பெயரில் போட்ட ஆல்பத்துக்கு "மேன் ஆஃப் மெனி பார்ட்ஸ்" என்றே தலைப்பு.

குறை இல்லையா என்றால், உண்டு. அவருடைய டெனார் சில சமயம் ரொம்ப நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும், எனக்கு அலுக்கும். புல்லாங்குழலில் அந்த அடக்கமே அழகாகிவிடுகிறது. நியூயார்க் போயிருந்தால் பெரிய பெயராகியிருப்பார் என்பார்கள். இருக்கலாம். அவர் லாஸ் ஏஞ்சலிஸிலேயே இருந்தார், நெல்சன் ரிடில் மாதிரி இசையமைப்பாளர்களின் பதிவுகளில் வாசித்தார், சொல்லிக்கொடுத்தார். புல்லாங்குழல் கலைஞர் ஜேம்ஸ் நியூட்டன் அவரிடம் படித்தவர். மிங்கஸ் 1964-ல் மான்டரே ஜாஸ் விழாவுக்கு வந்தபோது குழல் வாசிக்கக் கூப்பிட்டது இவரைத்தான்.

1998-ல் பக்கவாதம் வந்து வாசிப்பு நின்றுபோனது. பிள்ளைகளுக்கு இலவசமாக ஜாஸ் சொல்லித்தர சில வருஷம் முன்பு நண்பர்களோடு ஆரம்பித்திருந்த ஜாஸ்அமெரிக்கா வேலையை விடவில்லை. 2010-ல் இறந்தார்.

1958 நியூபோர்ட் ஜாஸ் விழாவைப் படமாக்கிய ஆவணப்படத்தில் ஹாமில்டன் குழு ஒரு பாட்டு வாசிக்கும். இருட்டு மேடை, ஹாமில்டன் மெத்தென்ற குச்சிகளால் டிரம்ஸைத் தட்டிக்கொண்டே இருப்பார், முகமெல்லாம் வியர்வை. புல்லாங்குழலோடு நிற்பவர் எரிக் டால்ஃபி. முன்பு கலெட் இருந்த இடத்துக்குக் கலெட்டே பரிந்துரைத்த ஆள். வாசிப்பது "ப்ளூ சாண்ட்ஸ்", அதுவும் கலெட் எழுதியது. அவர் மட்டும் படத்தில் இல்லை.