ஜெல்லாபா வேறு, கஃப்தான் வேறு
மொராக்கோ இளைஞர்கள் ஜீன்ஸுக்கு மாறிவிட்டதால் ஜெல்லாபா (அந்நாட்டின் நீள அங்கி) கிழவர்களின் உடையாகிவிட்டது என்று மொராக்கோ உடைகளைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. காசாபிளாங்காவில் வாரம் முழுக்க ஜீன்ஸும் டீஷர்ட்டுமாகத் திரிகிற பையன்கள் பலர் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஜெல்லாபாவும் மஞ்சள் தோல் செருப்புமாக (பல்கா என்பார்கள், குதிகால் பக்கம் திறந்திருக்கும்) கிளம்பிவிடுவார்கள். அப்புறம், அந்தக் கட்டுரையின் படத்தில் கல்யாணப் பெண் போட்டிருப்பதை ஜெல்லாபா என்கிறார்கள், அது ஜெல்லாபா இல்லை. ஜெல்லாபா என்றால் முதுகில் கூர்முனைத் தலைமூடி தொங்கும், கஃப்தான் என்கிற நீள அங்கிக்கு அது கிடையாது. கஃப்தானே இரண்டு அடுக்காக இடுப்புப் பட்டையோடு இருந்தால் அது தக்ஷிதா. அதில் கழுத்திலிருந்து கீழே வரை வரிசையாக இருக்கிறதே குட்டிக் குட்டிப் பொத்தான்கள், அவை நூலைக் கையாலேயே முடிச்சுப் போட்டுச் செய்பவை, செஃப்ரூ ஊர்ப் பெண்கள் அதற்குப் பேர்போனவர்கள். அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!