கஸ்டமர் மூக்குக்கு நேரா நிக்கிற வேலை இது, புரியுதா?

மதியம் ரெண்டு மணிக்கு மேல எங்க பார்லர்ல ஃபேஷியலுக்குப் படுக்கிறவங்களை நினைச்சா எனக்கே பாவமா இருக்கு. கண்ணு மேல பஞ்சு, முகம் பூரா க்ரீம், எந்திரிச்சு ஓடவும் வழியில்ல. சாப்பிட்டுட்டு விரல் நுனியை மட்டும் குழாய்ல நனைச்சுட்டு வந்து, அதே விரலால மேலுதட்டை நீவிவிட்டா அவங்க எப்படித் தாங்குவாங்க? சோப்பு பக்கத்துலயேதான் இருக்கு! ஹேர் வாஷ் கேக்கவே வேணாம், தலையைச் சாய்ச்சுப் படுத்தவங்களுக்கு நம்ம அக்குள்தான் கூரை.

வாய் வாடையைப் பத்திக் கேட்டா, கூட வேலை பாக்குறவங்க "மிட்டாய் போட்டுக்கிட்டேன்க்கா"ம்பாங்க. பூண்டு வாடை பல்லுல மட்டுமா இருக்கு? அதுல இருக்கிற கந்தகப் பொருள் ரத்தத்துல கலந்து, நுரையீரல் வழியா மணிக்கணக்கா மூச்சுல வந்துக்கிட்டே இருக்கும். மிட்டாய் என்ன பண்ணும்? இன்னொருத்தர் தம் அடிச்சுட்டு நேரா வந்து கஸ்டமர் காதோரம் கத்திரி பிடிக்கிறார். வாயில புதினா வாசம், விரல்ல புகை.

இதெல்லாம் எரிச்சல்தான். ஆனா என் வயித்தெரிச்சல் ஓனர் மேடம் மேலதான்.

போன வாரம் புதுசா சேர்ந்த பொண்ணு டை பிரஷ்ஷைக் கையில வெச்சுக்கிட்டு நிக்குது. நாற்காலியில கஸ்டமர் உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடியே, "ஏம்மா, நீயெல்லாம் குளிச்சுட்டுத்தான் வர்றியா?"ன்னு சத்தமா ஒரு கேள்வி. டை சொட்டி அது கைமேல வழியுது, துடைக்கக்கூட தோணல அதுக்கு. கஸ்டமர் கண்ணாடியைப் பாக்காம மடியில இருந்த போனைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அந்தப் பொண்ணு காலையில குளிச்சுட்டுத்தான் வந்துச்சு. வேர்வைக்குன்னு பெருசா நாத்தமே கிடையாது, தோல்ல இருக்கிற பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை கிளம்புது. மேடம், நீங்க குடுத்தது ஒரே ஒரு யூனிஃபார்ம், அதுவும் பாலியஸ்டர். பருத்தியை விட அதுலதான் வாடை நல்லா ஒட்டிக்கும். ராத்திரி துவைச்சு காலையில ஈரத்தோட மாட்டிக்கிட்டு வந்தா வேற என்ன ஆகும்? தன் வாடை தனக்குத் தெரியாது வேற. கொஞ்ச நேரத்துல மூக்கு பழகிடும். அதனால யாராவது சொல்லித்தான் ஆகணும், இல்லைங்கல. ஆனா தனியா கூப்பிட்டு, மெதுவா, ஒரு தடவை சொல்லணும். மாத்திக்க இன்னொரு சட்டையும் கையில குடுக்கணும்.

சாப்பாட்டு வாடைக்கும் இதே கதைதான். லன்ச் பிரேக்னு ஒண்ணு கிடையாது. ஒரு த்ரெட்டிங் முடிச்சு அடுத்த வாக்ஸிங்குக்குள்ள, டை கலக்குற மேடை ஓரமா நின்னுக்கிட்டே நாலு வாய். அமோனியா நெடியோடதான் சோறு இறங்குது. அங்கேயே மைக்ரோவேவ், அங்கேயே துவைச்ச டவல் அடுக்கு! அப்புறம் டவல்ல குழம்பு வாசம்னு புகார் வராம என்ன செய்யும்? எங்க ஏசி இருக்கிற காத்தையே சுத்திச் சுத்தி விடுது, வெளியே தள்ளுறதில்ல. அதுக்கு மேல லாவண்டர் ஸ்பிரேயை அடிச்சா ரெண்டும் சேர்ந்து குமட்டுது. வாசனை மெழுகுவர்த்திக்குக் காசு இருக்கு, எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இல்ல.

சாப்பிட ஒரு தடுப்பும் கதவும் போட்டுக் குடுங்க மேடம், ஆளுக்கு இருபது நிமிஷம் விடுங்கன்னு கேட்டேன். இடம் இல்லையாம். ரிசப்ஷன்ல யாரும் உக்காராத ரெண்டாவது சோபாவுக்கு மட்டும் இடம் இருக்கு. "பாக்கலாம்"ன்னாங்க. போன வருஷம் கேட்டப்பவும் இதே "பாக்கலாம்"தான்.